இறுவட்டும் ஓர் அமானிதமே

"கையில போன் இருக்கு, இனி எதுக்கு டிவிடி பிளேயர்?" என்ற கேள்வி எமது வீடுகளில் அடிக்கடி எழுகிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடம், பயான், செய்தி எல்லாம் இன்று போனுக்கே வந்துவிடுகின்றன. உலகச் சந்தையிலும் இதே நிலைதான். சம்சுங் நிறுவனம் 2019 இல் அமெரிக்காவுக்குப் புதிய புளூரே பிளேயர்களை வெளியிடுவதை நிறுத்தியது. சோனி நிறுவனம் பதிவு செய்யக்கூடிய புளூரே இறுவட்டுகளின் உற்பத்தியை 2025 பெப்ரவரியுடன் முடித்துக்கொண்டது. 1982 இல் சீடியாக வந்து, 1996 இல் டிவிடியாகவும் 2006 இல் புளூரேயாகவும் வளர்ந்த அந்த 12 சென்ரிமீற்றர் வட்டம் மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு பிளேயர் வாங்குவதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பெட்டியைப் பிரித்து ரீவியோடு இணைப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்பதையும் ஏற்கமாட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எமது குடும்பங்களின் முகங்களும் குரல்களும் இன்னும் அந்த இறுவட்டுகளுக்குள்ளேதான் இருக்கின்றன.

தர்மபுரத்தை எடுத்துக்கொள்வோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள ஊர் அது. போர்க் காலத்தில் வன்னிக்குத் தேசிய மின்சாரம் கிடைக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதையும், ஜெனரேற்றர் வைத்து அயலட்டை எல்லாம் ஒன்றாகக் கூடிப் படம் பார்த்ததையும் அங்குள்ள பெரியவர்கள் இன்றும் கதைகதையாகச் சொல்கிறார்கள். 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது, கலியாண வீடுகளில் வீடியோ எடுத்து இறுவட்டில் பதிந்து, வெளிநாட்டிலுள்ள உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பும் வழக்கம் பரவியது.

பிறகு 2009 வந்தது. அந்த ஜனவரியில் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தால் தர்மபுரமும் அங்குள்ள வைத்தியசாலையும் நிரம்பின. அதே மாதத்திலேயே அங்கிருந்தும் எழும்பி விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போனார்கள். முடிவில் பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளையைத் தூக்குவதா, அல்பத்தைத் தூக்குவதா என்று யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். ஆகவே பல வீடுகளில் மிஞ்சியது, முன்பு தபாலில் வெளிநாடு போன அந்த ஒரு பிரதிதான்.

கடந்த விடுமுறையில் வாப்பாவின் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு, தர்மபுரத்துக்குப் போயிருந்தோம். அங்கே புதிய பிளேயரும் சிறிய ஹோம் தியேட்டர் ஒன்றும் வாங்கி இரண்டு கிழமையாகப் பெட்டி பிரிக்காமலே இருந்தன. "பூட்டித் தாறன் எண்ட பெடியன் இன்னும் வரேல்ல" என்றார் அந்த வீட்டு அன்ரி. கனடாவிலிருந்து ஒரு இறுவட்டு வந்திருந்தது. 2004 இல் நடந்த அவருடைய தங்கையின் கலியாணம். அதில் அவருடைய தம்பியும் இருக்கிறார். 2009 இற்குப் பின் அவர் வீடு திரும்பவில்லை. ஒரு படம்கூட வீட்டில் இல்லை. ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகளும் நானும் பூட்டுவோம் என்றதும் அன்ரி முதலில் தயங்கினார். "கரண்ட் வேலை பிள்ளை, கவனம்" என்றார்.

உண்மையில் அது கரண்ட் வேலையே அல்ல. மின்சாரம் வருவது பிளக் வயரில் மட்டும்தான். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மற்ற வயர்களைப் பூட்டினால் பயமில்லை. பிளேயரின் பின்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும். மஞ்சள் துளை படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு. மஞ்சளை ரீவிக்கும், வெள்ளையையும் சிவப்பையும் ஹோம் தியேட்டர் பெட்டிக்கும் கொடுத்தோம். பிளேயரில் 'அவுட்' என்று எழுதிய துளையிலிருந்து மற்றதில் 'இன்' என்று எழுதிய துளைக்குப் போகவேண்டும் என்பதே முழு விதி. புதிய ரீவிகளுக்கு எச்டிஎம்ஐ என்ற ஒரே வயர் படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும். ஸ்பீக்கர் வயரில் சிவப்பு சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போகவேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் அது மாறினால் எதுவும் எரியாது, ஆனால் ஒலியின் கனம் குறைந்துவிடும். கடைசியாக ரீவி ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி, வயர் பூட்டிய வழியைத் தெரிவு செய்யவேண்டும். "பிளேயர் பழுது" என்று திருப்பிக் கொண்டுபோகப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு இந்தப் பட்டன் ஒன்றுதான் மருந்தாக இருக்கும்.

படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். அதற்கும் காரணம் உண்டு. கனடாவின் பழைய ஒளிபரப்பு முறை என்ரிஎஸ்சி, இலங்கையினது பால். பிளேயரின் 'செற்றப்' பக்கத்தில் ரீவி வகையை 'மல்ரி' என்று மாற்றியதும் நிறம் வந்தது. ஆனால் எல்லோருடைய முகமும் பக்கவாட்டில் இழுபட்டிருந்தது. அக்காலத்துப் பதிவு 4:3 அளவு, இன்றைய ரீவி 16:9. அதையும் மாற்றினோம். முகங்கள் தம் அளவுக்கு வந்தன. அன்ரி ரீவிக்குக் கிட்டப் போய், "இப்பத்தான் என்ர தம்பி மாதிரி இருக்கிறான்" என்றார்.

ஒரு மெனுவில் ஓர் எழுத்தை மாற்றத் தெரிந்திருப்பதற்கு இவ்வளவு பெறுமதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளப் பெண்பிள்ளைகளுக்கு என்ன தடை?

முதல் தடை பழக்கம். வீட்டில் வயர் என்றாலே தம்பியைக் கூப்பிடுகிறார்கள், அவன் ஆறாம் ஆண்டில் படித்தாலும். க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பாடத்துறை 2013 இல் தொடங்கியது. பெண்களும் அதைப் படிக்கிறார்கள். பரீட்சைக்குச் சுற்று வரையத் தெரிந்த கைக்கு, வீட்டில் மஞ்சள் வயரைப் பூட்ட அனுமதி இல்லையென்றால் அந்தப் படிப்பு யாருக்கு?

இரண்டாவது தடை மொழி. அந்தப் பெட்டிக்குள் இருந்த கையேடு ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. அது அலுவலகப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடக் கூடாது. கடைக்காரர்கள் ஒரே ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தாலே பல வீடுகளின் பெட்டிகள் அன்றே திறக்கும். அதுவரை, அந்தத் தாளை எழுதிக் கொடுக்க எம்மாலும் முடியும்.

மூன்றாவது காரணத்தைப் பெற்றோர்கள் சற்றுக் கவனமாக யோசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எமது நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிப் பதிவு பிறர் கண்ணில் படக்கூடாது என்று நாம் எவ்வளவோ பேணுதலாக இருக்கிறோம். பெண் ஒருவரைக் கொண்டு எடுப்பிக்கிறோம், போன்களைக்கூட வாங்கி வைக்கிறோம். ஆனால் பத்து வருடம் கழித்து அந்த இறுவட்டு ஓடவில்லை என்றதும், அதை யாரென்றே தெரியாத ஒருவரிடம் கடையில் கொடுத்து, "ஒரு கொப்பி போட்டுத் தாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பதிவு எம் கையை விட்டுப் போய்விட்டது. வீட்டுப் பெண்பிள்ளைக்கு அந்த வேலை தெரிந்திருந்தால் அது வீட்டை விட்டே வெளியேறாது. பேணுதலை விரும்பும் பெற்றோரே முதலில் மகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

"பிளேயர் வந்தால் பிள்ளைகள் படம் பார்த்துக் கெட்டுப்போகும்" என்று சிலர் கூறுவர். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். போன் எதைக் காட்டப்போகிறது என்பது எமக்கு முன்கூட்டியே தெரியாது. ஒன்று முடியும் முன் அடுத்ததை அதுவே கொண்டுவருகிறது. இறுவட்டோ நாம் போட்டதை மட்டும் காட்டி, முடிந்ததும் நின்றுவிடும். அதுவும் வீட்டு மண்டபத்தில், எல்லோருடைய கண்முன்னும். கட்டுப்பாடு எதில் அதிகம் என்று பெற்றோரே தீர்மானிக்கலாம்.

எம் சமூகத்துக்கு இவ்விடயம் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். என் உம்மும்மாவின் நிக்காஹ் படங்கள் அன்று அலுமாரியிலேயே இருந்துவிட்டன. வெளிநாட்டில் ஒரு பிரதி வைத்திருக்க அவருக்கு யாரும் இருக்கவில்லை. என் வாப்புப்பா இளமையில் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. தர்மபுரத்து அன்ரியும் என் உம்மும்மாவும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்தால் வீட்டை விட்டவர்கள். இழந்த பொருளோ ஒன்றுதான். ஒருவருடைய துயரத்தை மற்றவருக்குப் புரியவைக்கப் பெரிய மேடைகள் தேவையில்லை, ஒரு படம் இருப்பதும் இல்லாதிருப்பதுமே போதும்.

தோழியரே, கிடைத்ததையாவது காப்போம். வீட்டில் பதியும் இறுவட்டுகளில் உள்ள சாயப் படலம் வெயிலாலும் வெப்பத்தாலும் பழுதாகும். ஆகவே தகரக் கூரையின் கீழும் யன்னலோரத்திலும் அவற்றை வைக்காதீர்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். மேற்பக்கத்தில் போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பிளேயரையே கொண்டுவந்தால், பின்பக்கத்தில் 100–240 வோல்ற் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கனடாவின் 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்த பெட்டி எமது 230 வோல்ற்றில் எரிந்துவிடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிளேயர் ஓடும் காலத்திலேயே பிரதி எடுங்கள். டிவிடி டிரைவ் உள்ள கணினியில் இறுவட்டில் உள்ள கோப்புறை முழுவதையும் பதிந்து, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை வேறு ஊரில் நம்பிக்கையான உறவினரிடமும் வையுங்கள். தர்மபுரத்துக் கலியாணம் பிழைத்தது இறுவட்டு உறுதியானது என்பதால் அல்ல, ஒரு பிரதி வேறு இடத்தில் இருந்ததால்.

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. பொதுச் செல்வத்துக்கு அப்படிச் சிலர் இருக்கிறார்கள். வீட்டுச் செல்வத்துக்கு நாம்தான். எமது கல்லூரியின் கணினிக்கூடத்தில் தவணைக்கு ஒருநாளேனும், மாணவிகள் தம் வீட்டு இறுவட்டுகளைத் தாமே பிரதி எடுக்க, ஆசிரியைகளின் மேற்பார்வையில் இடம் தரவேண்டும் என்று அதிபரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒரு டிவிடி டிரைவும் சில பென் டிரைவ்களும்தான். இறுவட்டு இன்னும் சுழலும், பிளேயர் இன்னும் கடையில் கிடைக்கும் இந்தச் சில வருடங்களுக்குள் அதைச் செய்து முடிக்கவேண்டும்.