மேடைக்கும் வேண்டும் சாய்தளம்

2019 ஜூன் 9. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் டோனி விருது விழா. ‘ஓக்லஹோமா!’ இசைநாடகத்தில் நடித்த அலி ஸ்ட்ரோக்கரின் பெயர் அறிவிக்கப்பட்டது. மற்றவர்கள் பார்வையாளர் வரிசையிலிருந்து மேடையேற, அவர் மட்டும் மேடையின் உட்புறத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்தார். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவர் டோனி பெற்றது அதுவே முதல்முறை. அரங்கிலிருந்து மேடைக்குச் செல்லச் சாய்தளம் இல்லாததால், அவர் முன்கூட்டியே பின்மேடைக்குப் போய்க் காத்திருக்க வேண்டியிருந்தது.

மாற்றுத்திறனாளிகள் நாடகம் பார்க்க வருவார்கள் என்று அரங்குகள் எதிர்பார்க்கின்றன. நடிக்க வருவார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை.

அந்த எதிர்பார்ப்புக்காகக் காத்திராமல் தாங்களே குழு தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளியொன்றில் படித்தவர்கள், நடிக்க வாய்ப்பில்லாத ஏமாற்றத்தில், 1989இல் ‘ஃபாமலி’ நாடகக் குழுவை உருவாக்கினார்கள். ஊரறிந்த இசைநாடகங்களை மாற்றுத்திறனாளிகளே நடித்துக் காட்டும் குழு அது.

பிரிட்டனின் ‘கிரேயை’ இன்னும் ஒரு படி மேலே போனது. நபில் ஷபானும் ரிச்சர்ட் டாம்லின்சனும் 1980இல் தொடங்கிய குழு இது. 1997இல் அதன் கலை இயக்குநரான ஜெனி சீலி, காது கேளாதவர். நாடகம் தயாரான பிறகு ஓரத்தில் ஒரு சைகைமொழிபெயர்ப்பாளரை நிறுத்துவது வழக்கமான முறை. சைகைமொழியையும் எழுத்துத்திரையையும் காட்சி விவரிப்பையும் ஒத்திகையிலேயே நாடகத்தின் உறுப்புகளாக்குவது கிரேயையின் முறை.

இதனால் கலையின் தரம் குறையும் என்று அஞ்சுவோர் லாஸ் ஏஞ்சலிஸின் ‘டெஃப் வெஸ்ட்’ குழுவைப் பார்க்கலாம். 2015இல் பிராட்வேயில் அது மேடையேற்றிய ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’கில், காது கேளாத நடிகர் சைகையில் பேச, இன்னொரு நடிகர் அவருக்குக் குரலானார். பிள்ளைகளின் பேச்சைக் காதில் வாங்காத பெரியவர்களைப் பற்றிய கதை அது. மூல நாடகம் 1891இல் வெளியானது. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்புதான், காது கேளாதோர் கல்வியில் சைகைமொழி கூடாது என்று மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள் மாநாடு தீர்மானித்திருந்தது. கையை மடக்கி வாயால் பேசு என்று மாணவர்கள் வற்புறுத்தப்பட்ட அந்தக் காலம் மேடைக்கு வந்ததும், பழைய கதைக்குப் புதிய வலி சேர்ந்தது.

விவரிப்பை நாடகத்துக்குள்ளேயே வைப்பது நமக்கும் அந்நியமான கலைநுட்பம் இல்லை. தெருக்கூத்தில் வேடம் திரைக்குப் பின்னால் நின்று, தான் யார், எப்படி வருகிறேன் என்று பாடிக்கொண்டேதான் நுழைகிறது. கட்டியங்காரன் குறுக்கே கேள்வி கேட்டு, கதையைக் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்கிறான். கண் தெரியாத ஒருவர் களரி ஓரம் உட்கார்ந்தால் அவருக்கும் கதை போய்ச் சேரும். கூத்துக் களரியோ தரைமட்டத்தில் இருப்பது. படிக்கட்டு, உயர்ந்த மேடையோடு வந்த பழக்கம்.

செலவைக் காரணம் காட்டும் சிறு குழுக்கள் இங்கிருந்தே தொடங்கலாம். தரைத்தளத்தில் ஒத்திகை வைக்கலாம். பார்வையற்ற நடிகருக்கு வசனத்தைக் குரலில் பதிவுசெய்து அனுப்பலாம். ஒருவன் கடிதத்தைக் கிழிக்கும்போது, “படிக்காமலே கிழிக்கிறியேடா!” என்று பக்கத்தில் நிற்பவர் பதறினால், பார்வையற்ற ரசிகருக்கும் அந்தக் காட்சி கிடைத்துவிடும். தனியாக வர்ணனையாளர் தேவையில்லை.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அவர்களின் படைப்பாற்றல் அவர்களுக்காக மட்டுமல்லாமல், சமூகம் வளம் பெறவும் வளர்க்கப்பட வேண்டும் என்கிறது அதன் 30ஆவது பிரிவு. நமது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவும் கலை, பண்பாட்டில் அவர்கள் பங்கேற்க வழிசெய்வதை அரசின் கடமையாக்குகிறது. அரசு நிதியில் அரங்கம் கட்டும்போது, வாசலில் உள்ள சாய்தளத்தோடு ஆய்வை முடித்துவிடக் கூடாது. சக்கர நாற்காலியில் வரும் நடிகர் ஒருவரை அழைத்து, ஒப்பனை அறையிலிருந்து மேடையின் நடுப்பகுதிவரை யார் உதவியுமின்றி அவரால் போக முடிகிறதா என்று பார்த்த பிறகே திறப்பு விழாவுக்கு நாள் குறிக்க வேண்டும்.