ஒத்திவைப்பு யாருடைய சுமை?

அறுவைக்குக் குறித்த நாளில் இருமலை மறைத்த நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் மருத்துவ உலகின் பழக்கமாகிவிட்டது. "கேட்டோம், இல்லை என்றார்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அவர் ஏன் மறைத்தார் என்று எவரும் கேட்பதில்லை.

பிழை சொல்லிலேயே தொடங்குகிறது. 'எலெக்டிவ்' என்பதை 'விருப்ப அறுவை' எனப் பெயர்த்தவுடன் அது ஆடம்பரம்போல் ஒலிக்கிறது. மருத்துவத்தில் அச்சொல் சுட்டுவது, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யத்தக்க அறுவையை. குடலிறக்கமும் கண்புரையும் மூட்டு மாற்றும் அவ்வகையின. நாள் தள்ளலாம் என்பதற்குத் தேவையற்றது என்று பொருளில்லை.

அடுத்த பிழை கேள்வியில். வடநாட்டு மருத்துவமனையொன்றில் 'பீமாரி ஏதும் உண்டா?' என்று கேட்டால், 'ஜுகாம்' உள்ளவர் இல்லையென்றே சொல்லக்கூடும். தமிழிலும் நோய்க் கணக்கில் சளியைச் சேர்ப்பவர் அரிது. பொதுச்சொல்லில் கேட்டுவிட்டு, பொய்யுரைத்தார் என்பது நேர்மையன்று.

சளி எப்போதும் அற்பமானதன்று. அது தணிந்த பின்னும் மூச்சுப்பாதையின் கூருணர்வு சில வாரங்கள் நீடிக்கலாம். மயக்கமருந்தின்போது குரல்வளை இறுகக்கூடும். குழந்தைகளுக்கு இடர் மிகுதி. அதற்காக, காய்ச்சலின்றி மூக்கொழுகும் அனைவரையும் திருப்பியனுப்புவதும் அறிவியலாகாது. முன்மதிப்பீட்டில் இரத்த அழுத்தம் 180/110-க்குக் கீழிருந்தால் அதற்காக அறுவையைத் தள்ளவேண்டாம் என்கிறது பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல். எது சிறு தொல்லை, எது பேரிடர் என்பதை எடைபோட வேண்டியவர் மயக்கவியல் மருத்துவர். அவர் எடைபோட உண்மை வேண்டும்.

அவ்வுண்மைக்கு நாம் தரும் பரிசு என்ன? மாதக்கணக்கில் காத்துப் பெற்ற நாள் பறிபோகிறது. துணைக்கு வந்த உறவினரின் கூலியும் ஊரிலிருந்து வந்த ரயில் செலவும் வீணாகின்றன. ஆயுஷ்மான் பாரத் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை ஏற்பதில்லை. மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்க அஞ்சுபவர் இருமலை விழுங்குவது அறியாமையன்று, கணக்கு.

'அறுவை அரங்குகள் குறைவு. காலியிடம் வீணாகும்' என்பர். மூன்று நாள் முன்னதாகத் தொலைபேசியில், சளி, இருமல், காய்ச்சல், தோல்புண் என ஒவ்வொன்றாக நோயாளியின் மொழியிலேயே கேட்டால், அவ்விடத்தில் வேறொருவரை அழைக்கலாமே! ஒத்திவைக்கும் சீட்டிலேயே மறுநாளைக் குறித்து, முன்னுரிமையும் தரவேண்டும்.

உண்மை சொன்னவர் தண்டிக்கப்படும் வரிசையில், உண்மையை எதிர்பார்க்க எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை.