ரி-3 குளிசையை நாமாகச் சேர்க்கலாமா?

 

தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் பாவிப்பவர்கள் நம் லிந்துலையில் பலர். டவுனிலும் இருக்கிறார்கள், லயத்திலும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு. அண்மையில் எங்களுக்குத் தெரிந்த ராத்தா ஒருவர், "ரிப்போர்ட் நோமல் என்கிறார்கள், எனக்கு அசதி போகவில்லையே" என்று, உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ரி-3 குளிசையைத் தானாகவே சேர்த்துக் குடித்திருக்கிறார். சில நாட்களில் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், இரவில் தூக்கமில்லை. நேரத்தோடு டொக்டரிடம் போனார், அல்ஹம்துலில்லாஹ்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருடைய அசதி உண்மை. ஆனால் வழி பிழை.

நாம் குடிக்கும் தைரொக்சின் ரி-4. உடல் தனக்குத் தேவையான அளவுக்கு அதை ரி-3 ஆக மாற்றிக்கொள்கிறது. ரி-4 உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு கிழமை எடுக்கும். ரி-3 ஒரு நாளளவில் குறைந்துவிடும். அதனால் அது சடுதியாக ஏறி இறங்கும். அளவு கூடினால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும், காலப்போக்கில் எலும்பும் தேயும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் முறை இல்லாமல் இல்லை. 1999இல் லித்துவேனியாவில் 33 நோயாளிகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்ததில் மனநிலை தேறியதாகச் சொன்னார்கள். பின்னர் நடந்த பெரும்பாலான ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லாருக்கும் இதைக் கொடுப்பதில்லை. தைரொக்சின் சரியான அளவில் இருந்தும் அசதி தீராத சிலருக்கு மட்டும், விசேட வைத்தியர் இரத்தப் பரிசோதனையோடு கொடுத்துப் பார்ப்பார். கர்ப்பிணித் தாய்மாருக்கு இது பொருந்தாது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ரி-4தான் வேண்டும்.

புதுக் குளிசை தேடுமுன், இருக்கும் குளிசையை ஒழுங்காகக் குடிக்கிறோமா என்று பார்ப்போம். விடியக்காலையில் தேத்தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு மலைக்கு ஓடுவதுதான் நம் பழக்கம். அப்படிச் செய்தால் மருந்து சரியாக உடலில் சேராது. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலமாவது பொறுத்துத் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். நோன்பு காலத்தில் எந்த நேரம் குடிப்பதென்று ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்டு வையுங்கள். அசதிக்கு இரத்தச் சோகையும் காரணமாகலாம், அதையும் பரிசோதிக்கக் கேளுங்கள்.

வைத்தியர்களிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கிளினிக் நாளில் தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு நாள் பேர் போய்விடுகிறது. அப்படி வருபவரிடம் "ரிப்போர்ட் நோமல்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எப்படிக் குடிக்கிறீர்கள், வேறு என்ன குளிசை பாவிக்கிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தன் பேச்சைக் கேட்க ஆளில்லாதபோதுதான் அவர் பார்சலில் வரும் குளிசையை நம்புகிறார்.

வீட்டில் யாராவது அப்படிக் குடித்துக்கொண்டிருந்தால், திட்டாமல் குளிசைப் பெட்டியோடு டொக்டரிடம் கூட்டிப் போங்கள். எதையும் மறைக்க வேண்டாம். தைரொக்சினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.