மடியில் இருந்தால் போதுமா?

மரக்காணத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் கோடையில் உப்பு வாரத் தொடங்கிவிட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகளுக்கு ஓய்வே கிடையாது. அப்படி ஒரு நாள், நாத்தனார் வீட்டுக் காரில் புதுச்சேரிக்குப் புறப்பட்டோம். நான் முன் இருக்கையில். மடியில் ஒன்றரை வயசுப் பேரன்.

"பின்னாடி உட்காருங்களேன், அண்ணி" என்றாள் நாத்தனார்.

"என் மடியைவிடப் பத்திரமான இடம் ஏது, போ!" என்றேன்.

உப்பளத்திலிருந்து ஒரு லாரி திடுமென்று சாலையில் ஏறியது. பிரேக் போட்ட வேகத்தில் பிள்ளை என் கையை விட்டு நழுவி முன்பலகையில் மோதிக்கொண்டான். தெய்வாதீனமாக நெற்றியில் புடைப்போடு போயிற்று. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கார் சட்டென்று நின்றாலும் உள்ளே இருக்கும் குழந்தை அதே வேகத்தில் முன்னே பாயும். பத்து கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் பல மடங்கு கனத்துவிடும். எந்தத் தாயின் கையும் தாங்காது. இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவதோ அதைவிட ஆபத்து; நம் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

சகோதரிகளே, இவற்றை மனசில் வையுங்கள்:

* குழந்தை இருக்கையைப் பின் சீட்டில்தான் பொருத்த வேண்டும். இரண்டு வயது வரையிலாவது குழந்தை காரின் பின்புறம் பார்த்தபடி இருக்கட்டும்.

* ஏர்பேக் உள்ள முன் சீட்டில் அப்படிப் பொருத்தவே கூடாது. அது விரியும் வேகமே உயிருக்கு உலை.

* ஏற்கெனவே விபத்தில் சிக்கிய இருக்கையை இரவலாகக்கூட வாங்காதீர்கள்.

* சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரியவர்களின் பெல்ட் பிள்ளைக்குச் சரியாகப் பொருந்தாது. அதுவரை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை வேண்டும்.

"எங்களுக்கு ஏதம்மா கார்? டூவீலர்தான்" என்கிறீர்களா? அதற்கும் 2022-இல் விதி வந்து, 2023 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறது. 4 வயதுக்குட்பட்ட பிள்ளையை, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார்ப்பட்டையால் கட்ட வேண்டும். 9 மாதம் முதல் தலைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பேரன் முதல் வாரம் இருக்கையில் உட்காரமாட்டேன் என்று அழுது தீர்த்தான். நான் மசியவில்லை. இப்போது கார்க் கதவைத் திறந்தாலே, "பாட்டி, பெல்ட்டு!" என்று அவனே கேட்கிறான். மடி தாலாட்டுக்கு; பயணத்துக்கு அல்ல.