தெருவைப் பார்த்துவிட்டுப் போவது குற்றமா?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே ஒரு பிரச்னை. சினிமாவுக்குப் போனால் டிக்கெட், இடைவேளைத் தீனி என்று ஒரு நாள் கூலி கரைந்துவிடுகிறது. அறையிலேயே படுத்துக் கிடந்தால் செல்போனில் பொழுது தேய்கிறது. பஸ் கட்டணத்துக்கு மேல் அதிகச் செலவு வைக்காத ஒரு விளையாட்டு இருக்கிறது என்றால் அதை வரவேற்கத்தான் வேண்டும்.

'ஜியோகேஷிங்' என்பது அதன் பெயர். புதையல் வேட்டை என்று சொன்னால் எளிதில் விளங்கும். யாரோ ஒருவர் ஒரு சிறு டப்பாவைப் பொது இடத்தில் மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுகிறார். மற்றவர்கள் செல்போனில் அந்த எண்களைப் பின்பற்றிப் போய், டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே உள்ள சீட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பரிசு என்று ஒன்றும் கிடையாது. ஊரைச் சுற்றிப் பார்த்ததுதான் லாபம்.

இதன் பிறப்பு அமெரிக்காவில். செயற்கைக்கோள்கள் தரும் இட விவரம் பொதுமக்களுக்குத் துல்லியமாகக் கிடைக்காதபடி அந்நாட்டு ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் உத்தரவால் அந்தக் கலப்படம் நீங்கியது. மே 3-ஆம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை வைத்து, இடக்குறியை அறிவித்துவிட்டார். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. பெங்களூரிலும் உண்டு.

இந்த விளையாட்டில் ஊறியவர்களிடையே ஒரு சர்ச்சை இருந்து வருகிறது. புறப்படுமுன் தெருவின் படத்தைப் பார்ப்பது முறையா என்பதுதான் அது. கூரையில் காமிரா பொருத்திய கார்களைத் தெருத்தெருவாக ஓட்டிப் படமெடுத்து, அதை வரைபடத்தோடு இணைத்துத் தரும் 'ஸ்ட்ரீட் வியூ' வசதியைக் கூகுள் நிறுவனம் 2007-ல் ஐந்து அமெரிக்க நகரங்களில் தொடங்கியது. 2011-ல் அந்தக் கார்கள் பெங்களூருக்கும் வந்தன. சில வாரங்களிலேயே போலீசார் நிறுத்தச் சொல்லிவிட்டனர். பிறகு 2022 ஜூலையில், இந்திய நிறுவனங்கள் எடுத்த படங்களைக் கொண்டு, பெங்களூர், சென்னை, மும்பை உட்பட பத்து நகரங்களில் இவ்வசதி மறுபடி வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தேடப் போவது பரீட்சைக்கு முன் கேள்வித்தாளைப் பார்ப்பது போல என்கிறார்கள் சிலர்.

இது பொருந்தாத வாதம். படத்தில் டப்பா பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிவது தெரு மட்டுமே. தன் ஊரில், தன் மொழி பேசுகிறவர்கள் நடுவில், காரில் வந்திறங்கித் தேடுகிறவருக்கு வேண்டுமானால் படம் தேவையில்லாமல் இருக்கலாம். வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்தவரின் நிலைமை அப்படியா? ஒரு சுவரோரம் குனிந்து, செடியை விலக்கி, கல்லைப் புரட்டிப் பார்க்கும் முன்பின் தெரியாத மனிதரைத் தெருவில் இருப்பவர்கள் என்னவென்று நினைப்பார்கள்?

2018-ஆம் ஆண்டை மறந்துவிடக் கூடாது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய அந்த மே மாதத்தில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞர் பெங்களூர் சாமராஜ்பேட்டையில் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். அடுத்த ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரயின்பாடா என்ற கிராமத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அதே சந்தேகத்தில் உயிரிழந்தனர். அவர்கள் எந்த விளையாட்டும் ஆடியவர்கள் அல்ல. அந்நியர்களாகத் தெரிந்தார்கள், அவ்வளவுதான். அப்படியிருக்க, சந்தேகம் எழும்படியான செய்கையை ஒருவர் தானே தேடிப்போய்ச் செய்வதாக இருந்தால், எந்த இடத்தில் செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டிப் பார்த்துக்கொள்வதில் என்ன தவறு?

படத்தில் பார்க்க வேண்டியவை பல. பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த இடத்துக்கு நடைபாதை உண்டா, சாலையைக் கடக்க வழி உண்டா, பக்கத்தில் பள்ளிக்கூடமோ, அனுமதியில்லை என்ற பலகையோ, ராணுவ எல்லைச் சுவரோ இருக்கிறதா என்று பார்க்கலாம். பெங்களூரில் ராணுவ நிலங்கள் ஊருக்குள்ளேயே நிறைய இருப்பதால் கடைசியாகச் சொன்னது முக்கியம். திறந்த வெளியில் செல்போன் காட்டும் இடக்குறி சில மீட்டர் பிசகலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோளின் சைகை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பிசகு இன்னும் கூடும். ஒரு காம்பவுண்டுச் சுவரின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதைச் செல்போன் சொல்லாது. தெருவின் படம் ஓரளவு சொல்லும். பொதுப் பூங்காவின் பக்கமிருந்து தேட வேண்டியதை அடுத்தவர் தோட்டத்தில் இறங்கித் தேடினால் அது அத்துமீறல்தான்.

படத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. படத்தின் ஓரத்தில் அது எடுக்கப்பட்ட மாதமும் வருடமும் போட்டிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பெங்களூரைப் போல நாளுக்கு நாள் மாறும் ஊர் வேறில்லை. 2022-ல் எடுத்த படத்தில் வெறும் தூண்களாக நிற்பவற்றின் மேல், 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோவின் மஞ்சள் தட ரயில் ஓடுகிறது. காலிமனை என்று படத்தில் தெரிவது இப்போது அடுக்குமாடியாக எழுந்திருக்கலாம்.

காமிராவின் உயரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. கார்க் கூரையின் மேலிருந்து பார்க்கும் அதன் கண் மனிதக் கண் அல்ல. ஜப்பானில் வேலிகளைத் தாண்டி வீட்டு முற்றம் தெரிகிறது என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, 2009-ல் காமிராவை 40 சென்டிமீட்டர் தாழ்த்தி மறுபடி படமெடுக்க வேண்டியதாயிற்று. படத்தில் எட்டிப் பார்க்க முடிவதாலேயே ஓர் இடம் பொது இடம் ஆகிவிடாது.

கார் நுழையாத சந்துகளோ படத்தில் இடம்பெறுவதே இல்லை. உழைக்கும் தமிழர்கள் வாழும் குடியிருப்புகளின் உட்சந்துகள் பல அந்த வகைதான். அங்கெல்லாம் தேடப் போகிறவர் முதல் நாள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. படம் ஒரு கணத்தைக் காட்டுமே தவிர ஒரு நாளைக் காட்டாது. வெறிச்சோடிய தெருவாகத் தெரிவது மாலையில் சந்தை கூடும் இடமாக இருக்கக்கூடும்.

டப்பா வைக்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், ஓர் உணவுக்கடை வாசலில் ஒருவர் கையாண்ட பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தவர்கள் வெடிகுண்டு என்று பயந்தார்கள். தெருவையே அடைத்து, ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். அது இந்த விளையாட்டின் டப்பாதான். அமைதியான ஆங்கிலேயச் சிற்றூரிலேயே இந்தப் பாடு. 2008 ஜூலையில் தொடர் குண்டுவெடிப்பைக் கண்ட ஊர் பெங்களூர். 2024 மார்ச்சில் ஓர் ஓட்டலில் யாரோ விட்டுச்சென்ற பையில் குண்டு வெடித்த ஊரும் இதுவே. இங்கே பஸ் நிலையத்திலும் பாலத்தடியிலும் டப்பா ஒளிப்பது அறிவீனம்.

டப்பாவே இல்லாமல் ஆடும் வகை ஒன்றும் 2004 முதல் இருக்கிறது. குறித்த இடத்துக்குப் போய், பாறையையோ மண்ணையோ பார்த்து, கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 300 கோடி வருடப் பழமை வாய்ந்த லால்பாக் பாறை இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. அதன் உச்சியில் கெம்பேகவுடர் கோபுரம் வேறு நிற்கிறது. அல்சூர் ஏரிப் பக்கத்திலும், கெம்பாம்புதி ஏரிக்கரையிலும், மேக்ரி சர்க்கிள் அருகிலும் அதே பெயரில் கோபுரங்கள் உள்ளன. நான்கையும் படத்தில் பார்த்து, பஸ் மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒரே ஞாயிறில் சுற்றி வருவது சுகமான அலைச்சல். எந்தச் சுவரோரமும் குனிய வேண்டியதில்லை.

டப்பாவைத் தேடியே தீருவேன் என்கிறவர்கள் தனியாகப் போகாமல் இருவராகப் போவது நல்லது. அவர்களில் ஒருவருக்காவது கன்னடம் தெரிந்திருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் போய், பக்கத்து டீக்கடைக்காரரிடம் "இது ஒந்து ஆட்ட" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தேடினால் அவரே துணைக்கு வந்துவிடுவார். டப்பா வைக்கிறவர்கள் அதன் மேல், இது விளையாட்டுப் பொருள், ஆபத்தில்லை என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டட்டும். அந்தக் காகிதத்துக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது.