விசுவாசமும் கணக்கும்

நல்ல உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளை ஒருநாள், "வேலையை விட்டுவிடப் போகிறேன், கர்த்தர் எனக்கு வேறு வழி காட்டுகிறார்" என்று சொன்னால் வீடு என்ன ஆகும்? தாராவியில் ஒற்றை அறையில் காலம் தள்ளி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்த பெற்றோர் பதறத்தான் செய்வார்கள். அந்தப் பதைப்பில் நியாயம் உண்டு. ஆயினும் தினமும் ஜெபிக்கிற குடும்பத்தில், விசுவாசம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தானா, வாழ்க்கைத் தீர்மானத்துக்கும் உண்டா என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

இந்தக் கேள்விக்கு வாழ்ந்து காட்டி விடை சொன்ன ஒரு தமிழர், இதே நகரில் கணக்குத் தணிக்கை செய்து பிழைத்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தஞ்சையில் 1892 ஜனவரி 4ஆம் தேதி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். அந்நாளைய பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டுப் பழக்கம், வசதிக்குக் குறைவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பற்றி ஆராய்ந்தார். ஆங்கில ஆட்சியின் வரவு செலவே இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்று கணக்கே அவருக்குக் காட்டிக் கொடுத்தது. குடும்பத்தின் பழைய பெயரை ஏற்று ஜே. சி. குமரப்பா ஆனார். 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் தணிக்கைத் தொழில் பின்னுக்குப் போயிற்று, கதர் வந்தது, கிராமம் வந்தது, சிறையும் வந்தது.

பேராயருக்குப் பதில்

இதை அவர் மதத்தை விட்டுச் செய்யவில்லை, மதத்துக்காகவே செய்தார். சத்தியாக்கிரகம் கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்று ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட் கருத்துச் சொன்னபோது, இயேசுவின் வழியே இதுதான் என்று எதிர்வாதம் செய்தவர் குமரப்பா. சபையின் பெரியவரே மறுத்துச் சொல்லும்போது தன் மனச்சாட்சியில் நிற்பது எளிதல்ல. 1942 போராட்டத்தை ஒட்டிய சிறைவாசத்தில் அவர் எழுதிய நூல்களில் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று இயேசுவின் போதனை பற்றியது. மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டையும் அவர் வேறு வேறாகப் பார்க்கவில்லை.

மூன்றணாக் கணக்கு

அப்படியானால் விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதா? இல்லை. 1934ல் பீகாரைப் பூகம்பம் தாக்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியில் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். காந்தியடிகளின் குழுவினர் பாட்னா வந்தபோது, அவர்களுடைய செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர மறுத்துவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். வேலையை விட்டவர் கணக்கை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.

ஆகவே "கர்த்தர் சொன்னார்" என்று சொல்லும் இளைஞரிடம் சில கேள்விகள் கேட்பது அவிசுவாசம் ஆகாது. இந்தத் தீர்மானத்தால் பயன் அடைவது யார்? அதன் பாரத்தைச் சுமக்கப் போவது யார்? குமரப்பா மணம் செய்துகொள்ளாதவர். தன் வசதியைத்தான் அவர் துறந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து, ஊரில் தங்கையின் கல்யாணத்தை நடுவில் விட்டு, சீட்டுப் பணத்தைக் கட்டாமல் "தரிசனம்" என்று கிளம்புகிறவர், பிறருடைய வசதியைத் துறக்கிறார். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கக் கூடாது. கடனை அடைத்து, வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசி, ஆறு மாதம் பொறுத்த பின்னும் அழைப்பு மங்காமல் இருந்தால், பெற்றோர் சம்பளக் கவரை மட்டும் காட்டி வழி மறிப்பதும் சரியல்ல.

எல்லோரும் உத்தியோகத்தை விடவேண்டும் என்பதும் இல்லை. பொய் வவுச்சரில் கையெழுத்துப் போட மறுக்கும் குமாஸ்தா, ஒரு காசு வரதட்சிணை வேண்டாம் என்று தாயாரிடம் உறுதியாகச் சொல்லும் மாப்பிள்ளை, வடக்கே எங்கோ ஒரு கிராம ஆஸ்பத்திரிக்குத் தாதியாகப் போகத் துணியும் செம்பூர்ப் பெண் - இவர்களும் ஊர் வழக்கத்துக்கு மாறாகத்தான் நடக்கிறார்கள். பிரமோஷன் போகலாம், உறவு முகம் திருப்பலாம், "நாலு பேர்" நாலுவிதமாகப் பேசலாம். அப்போது அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது சபையும் குடும்பமும் அல்லவா?

குமரப்பா கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே காலமானார். பம்பாயில் தொழிலைத் தொடர்ந்திருந்தால் நிறையச் சம்பாதித்திருப்பார். நம் பிள்ளைகளில் ஒருவர் அவரைப் போல் ஒரு முடிவோடு நம் எதிரே வந்து நின்றால், திட்டுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம், சேர்ந்து ஜெபிப்போம். இரண்டும் வேண்டும்.