பவளத்துக்கு வெளிச்சமா, பார்ப்பவருக்கா?

வீட்டில் பவளத் தொட்டி வைப்பவர்கள் சொந்தமாக எல்ஈடி விளக்கு செய்வதில் தவறே இல்லை. "எத்தனை வாட்ஸ், எத்தனை லூமென்" என்று பெருமை பேசுவதில்தான் கோளாறு.

லூமென் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சை பளிச்சென்று தெரியும். 450 நானோமீட்டர் நீலம் மங்கல். ஆனால் பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிக்கு அந்த நீலம்தான் விருந்து. கடலில் சிவப்பு மேல்மட்டத்திலேயே அடங்கிவிடும். ஆழத்துக்குப் போவது நீலம்தானே!

இவர்களோ நீலம் மங்கலாகத் தெரிகிறதே என்று இன்னும் பத்து எல்ஈடி சேர்க்கிறார்கள். ஒளி மிஞ்சினால் பவளம் பாசியை இழந்து வெளுக்கும், பிறகு பட்டினிதான். அப்போதும் பழி என்னவோ உப்புத்தண்ணீர் மீது!

பவளம் அலங்காரக் கல் அல்ல, உயிருள்ள பிராணி. ஒரு டிம்மர், ஒளிச்சேர்க்கைக்கான ஒளியை அளக்கும் பார் மீட்டர் (இரவலாகவாவது), குறைவாகத் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டும் பொறுமை. இவ்வளவுதான் தேவை. அதற்கும் மனமில்லாதவர்கள் பிளாஸ்டிக் பவளம் வாங்கி வைக்கட்டும். எத்தனை வாட்ஸ் அடித்தாலும் அது சாகாது.